முன் பாரம்

டொலீடோ, ஒஹாயோ

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்திக்கு முழங்கால் வலி தேவலையா? போன வாரம் போனில், "சனி ஞாயிறுல அங்க என்னதாண்டா பண்ணுவீங்க?" என்று கேட்டீர்களே, போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை என்பதால் எழுதுகிறேன். டிராக்டர் பார்க்கப் போயிருந்தோம். டிக்கெட் வாங்கிக்கொண்டு.

சிரிக்காதீர்கள். கூட்டிப்போனவர் எதிர்வீட்டுப் பெரியவர். எழுபதைத் தாண்டியவர், மக்காச்சோளமும் சோயாவும் போட்டு ஓய்ந்த கை. இங்கிருந்து தெற்கே அரைமணி நேரத்தில் பவுலிங் க்ரீன் என்று ஒரு ஊர். 1967-லிருந்து ஆகஸ்ட் மாதம் அங்கே டிராக்டர் இழுவைப் போட்டி நடக்கிறது. பக்கத்து மாநிலங்களிலிருந்தெல்லாம் சனம் படுக்கை, அடுப்போடு வந்து இறங்கியிருந்தது.

உள்ளே நுழைந்ததும் பெரியவர் என் கையில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு சின்ன உருண்டைகளை வைத்தார். ஆரஞ்சு மிட்டாய் என்று ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன். ருசியே இல்லாமல் மெத்தென்று இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேறு ஒரு ஜோடியை எடுத்து, தன் காதுக்குள் திருகிக் காட்டினார். முதல் டிராக்டர் முடுக்கியதும் காரணம் தெரிந்தது. சத்தம் காதில் விழவில்லை, நெஞ்செலும்பில் விழுந்தது. உங்கள் மருமகள் துப்பட்டாவைக் காதோடு இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு, "இதுக்கா காசு குடுத்தீங்க?" என்று கேட்டாள். அதாவது, வாயசைப்பை வைத்து அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

எதை இழுத்து எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கேட்பீர்கள். எங்கேயும் கொண்டுபோகவில்லை. தண்ணீர் தெளித்து உருளை ஓட்டி இறுக்கிய மண் தடம், 300 அடி. அதற்காகவே செய்த ஸ்லெட் என்றொரு வண்டி. அதற்குப் பின்னால்தான் சக்கரம். முன்னால் தட்டையான இரும்புத் தகடு, மண்ணில் பதிந்து கிடக்கும். மேலே இரும்புக் கட்டி அடுக்கிய பெட்டி. கிளம்பும்போது பெட்டி பின்சக்கரத்துக்கு மேலே இருப்பதால் வண்டி சமர்த்தாக வரும். சக்கரம் உருள உருள, அந்தச் சுற்றே சங்கிலியை இழுத்துப் பெட்டியை முன்னால் நகர்த்தும். பாரம் தகட்டின்மேல் ஏறும், தகடு மண்ணைக் கவ்வும். போகப் போக இழுவை கூடிக்கொண்டே வரும். என் வீட்டுக் கடன் பத்திரத்தை எழுதியவரும் ஸ்லெட் செய்தவரும் ஒரே ஆளோ என்னவோ.

300 அடியையும் தொட்டால் 'ஃபுல் புல்'. ஒன்றுக்கு மேற்பட்டவர் தொட்டுவிட்டால் ஸ்லெட்டை இன்னும் கெட்டியாக்கி அவர்களுக்குள் மறுபடி போட்டி. யாருமே தொடாவிட்டால் அதிக தூரம் போனவருக்குப் பரிசு. அந்தக் காலத்தில் பெட்டி, சங்கிலி எதுவும் கிடையாதாம். தடத்தின் ஓரம் வரிசையாக ஆட்களை நிறுத்தி, டிராக்டர் இழுக்கும் பலகை தங்களைத் தாண்டும்போது ஒவ்வொருவராக ஏறி நிற்கச் சொல்வார்களாம். ஊருக்கு ஊர் ஒரு சட்டம் வேறு. 1969-இல்தான் எட்டு மாநிலத்துக்காரர்கள் கூடி ஒரே சட்டப் புத்தகம் போட்டு, தேசிய டிராக்டர் இழுவைச் சங்கத்தையும் ஆரம்பித்தார்கள்.

டிராக்டர் என்றால் நம் மாஸ்ஸியை நினைக்காதீர்கள். சிலதுதான் டீசல் குடித்துக் கரும்புகை கக்கும் ஜாதி. சில வண்டிகளில் வரிசையாக நாலு என்ஜின். விமானத்திலிருந்து கழற்றிய பழைய என்ஜினைப் பூட்டுகிறவர்களும் உண்டு. டயரைப் பார்த்துத்தான் டிராக்டர் என்று நம்ப வேண்டும்.

ஓட்டம் கால் நிமிஷத்தில் முடிந்துவிடும். அதற்கு இருக்கிற சட்டமோ நம் சொசைட்டி லோனுக்குக்கூடக் கிடையாது. டிரைவரோடு சேர்த்து எடை போடுவார்கள். பெரும்பாலான வகுப்புகளில் கொக்கி தரையிலிருந்து 20 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது, ஏனென்றால் கொக்கி உயர்ந்தால் பின்டயருக்கு அழுத்தம் கூடுமாம். சங்கிலியை வெடுக்கென்று இழுக்கக்கூடாது, தொய்வை மெல்ல எடுத்துவிட்டுத்தான் மிதிக்க வேண்டும். எங்கள் கண்ணெதிரே ஒரு சிவப்பு டிராக்டர் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசி நேரத்தில் ஒரு டயர் ஓரத்துச் சுண்ணாம்புக் கோட்டை மிதித்தது, உடனே சிவப்புக் கொடி. மொத்தமும் ரத்து. முதலில் இழுக்கிறவருக்கு மட்டும் ஒரு சலுகை. ஸ்லெட் எப்படி இருக்கிறதென்று பார்க்க அவர்தான் சோதனை எலி என்பதால், தூரம் பிடிக்கவில்லையென்றால் வேண்டாமென்று சொல்லிப் பிறகு வந்து இழுக்கலாம். பெண் பார்க்கப் போகிற முதல் மாப்பிள்ளைக்கு இப்படி ஒரு வசதி இருந்தால் எப்படியிருக்கும் என்று உங்கள் மருமகளிடம் சொன்னேன். நல்லவேளை, துப்பட்டா.

இனிதான் விஷயமே. பாரம் இழுக்கும்போது டிராக்டரின் மூக்கு ஆகாயத்துக்குத் தூக்குகிறது. அதற்காக மூக்கில் வார்ப்பிரும்புக் கட்டிகளை வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். பிடியோடு பெட்டிபோல் இருப்பதால் அதற்கு சூட்கேஸ் என்றே பெயர். பெரியவர் அதைச் சுட்டிக்காட்டி விளக்கியபோது எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. நான் ஏழாவது படிக்கும்போது, கரும்பு லோடுக்கு மாஸ்ஸி முன்னங்காலைத் தூக்கியதும், "டேய், ரெண்டு பேரும் முன்னால ஏறி உக்காருங்கடா, ஆலையச் சுத்திக் காட்டறேன்" என்று என்னையும் அண்ணனையும் பம்பரில் ஏற்றினீர்களே. இத்தனை வருஷமாக அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் சித்தப்பா. நான் சூட்கேஸ்!

இன்னொரு சட்டமும் இருக்கிறது. இழுத்துக்கொண்டிருக்கும்போது முன் பாரத்தில் ஒன்று கழன்று தடத்தில் விழுந்தால் ஆட்டம் செல்லாது. மதகு மேட்டில் வண்டி குதித்து நான் வாய்க்காலில் விழுந்தது நினைவிருக்கிறதா? நிறுத்தினால் மறுபடி கிளம்பாதென்று, "ஓடியாந்து ஏறிக்கடா!" என்று கத்தியபடி போய்க்கொண்டே இருந்தீர்கள். அதனால் பெரியவரிடம் கேட்டேன், விழுந்த பாரம் தானாக எழுந்து ஓடிவந்து திரும்ப ஏறிக்கொண்டால் என்ன தீர்ப்பு என்று. காதிலிருந்து உருண்டையை எடுத்துவிட்டு மறுபடி கேட்கச் சொன்னார். கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, புத்தகத்தில் அதற்கு விதி இல்லை என்றார்.

அம்மா பக்கத்தில் இருந்தால் இதை மட்டும் படித்துக் காட்டுங்கள். அன்றைக்குச் சட்டையில் சேறு பூசிக்கொண்டு வந்தேன் என்று விசிறிக்காம்பால் வாங்கினேனே, அந்த அடி உங்களுக்குச் சேர வேண்டியது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்