மூல ஆவணம்

நம் வீடுகளில் ஒவ்வொரு வியாதிக்கும் இரண்டு பெயர் உண்டு. டாக்டரிடம் சொல்வது ஒன்று, சம்பந்தியிடம் சொல்வது இன்னொன்று. எனக்கு நடந்தது மூல ஆபரேஷன். ஊருக்குச் சொன்னது ஹெர்னியா. ஹெர்னியாவில் ஒரு கௌரவம் இருக்கிறது. ஏதோ பாரம் தூக்கி உழைத்த மனிதர் போலிருக்கிறது என்று நாலு பேர் நினைப்பார்கள். நான் வாழ்நாளில் தூக்கிய அதிகபட்ச பாரம் பத்து கிலோ பொன்னி அரிசிப் பை. அதையும் பாதி மாடிப்படியில் வாட்ச்மேன் வாங்கிக்கொண்டார்.

உண்மை தெரிந்தவர்கள் டாக்டர், என் மனைவி, இன்சூரன்ஸ் கம்பெனி. இந்த மூவரில் என் மனைவியைத்தான் நான் நம்பவில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மாப்பிள்ளை வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். கம்பெனியிடம் சத்தியம் வாங்கத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். காது கொஞ்சம் மந்தம் என்பதால் நான் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவது. அப்போது போன் வந்தது. தேன் குரலில் ஒரு பெண். “வணக்கம் சார், பைல்ஸ் ஆபரேஷன் முடிஞ்சு இப்ப எப்படி சார் இருக்கீங்க? கிரேடு மூணுன்னு போட்டிருக்கு. அது திரும்பி வர சான்ஸ் இருக்கு சார். எங்ககிட்ட ஒரு லேகியம் இருக்கு.” அதோடு விட்டாளா? பாலிசி நம்பர், அட்மிட் ஆன தேதி, டாக்டர் பெயர் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். நான் போனை அணைக்கப் போய், பதற்றத்தில் வால்யூமைக் கூட்டிவிட்டேன்.

‘ஹெர்னியா என்றீர்களே’ என்று சம்பந்தி கேட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் கேட்கவில்லை. கேசரித் தட்டை மெல்லக் கீழே வைத்துவிட்டு, தன் முதுகுக்குப் பின்னால் இருந்த தலைகாணியை எடுத்து என்னிடம் நீட்டினார். “போட்டுண்டு உக்காருங்கோ” என்றார்.

பிறகு மெயிலைத் துழாவினால், விளம்பரங்களின் நடுவே கம்பெனியின் கடிதம் ஒன்று கிடந்தது. “எங்கள் கணினி அமைப்பின் ஒரு பகுதியை அனுமதியற்ற நபர்கள் அணுகியிருக்கக்கூடும். அதில் சில வாடிக்கையாளர்களின் சில விவரங்கள் இருந்திருக்கலாம். உங்கள் தகவல் பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு.” லாம், கூடும் என்று வாக்கியத்துக்கு வாக்கியம் நழுவி ஓடிய அந்தக் கடிதத்தில், திட்டவட்டமாக இருந்தது கடைசி வரி ஒன்றுதான்: இந்த மாதமே புதுப்பித்தால் பிரீமியத்தில் தள்ளுபடி.

பெரிய அளவில் இது நம் ஊரில் முன்பே நடந்ததுதான். 2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் வாடிக்கையாளர்களின் பாலிசி, க்ளெய்ம் ஆவணங்கள் டெலிகிராம் சாட்பாட் வழியாகக் கிடைக்கின்றன என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. 3 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரம் கையில் இருப்பதாகத் திருடியவன் பீற்றிக்கொண்டான். கம்பெனியிடம் அவன் கேட்ட பணம் 68,000 டாலர். கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், டெலிகிராம் மீதும் அந்த ஆசாமி மீதும் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கியது. என் பாலிசி அங்கே இல்லை. அதனால் அந்தச் செய்தியை, பக்கத்துத் தெருவில் தண்ணீர் வராததைக் கேட்டுக்கொள்வது போலக் கேட்டுவிட்டுப் பேப்பரை மடித்தேன்.

இப்போது என் முறை. மனைவியின் தம்பி வக்கீல். ஓசி கட்சிக்காரன் என்று என்னைக் கண்டாலே அவனுக்குக் கொட்டாவி வரும். அன்றைக்கு ஏனோ உற்சாகமாகப் பேனாவைத் திறந்தான்.

“நஷ்டம் எவ்வளவு மாமா?”

“மானம் போச்சேடா.”

“அது சரி. ரூபாயில சொல்லுங்க.”

அங்கே மாட்டிக்கொண்டவன்தான், இன்னும் வெளியே வரவில்லை.

அவன் முதலில் காட்டியது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43ஏ பிரிவு. உடல்நலம் போன்ற அந்தரங்கத் தகவலைக் கையாளும் நிறுவனம், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் அலட்சியமாக இருந்து, அதனால் ஒருவருக்கு நஷ்டம் வந்தால் இழப்பீடு தர வேண்டும். விசாரிப்பவர் மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர். 5 கோடி ரூபாய் வரை கேட்கிற மனுவை அவரிடமே போடலாம். “5 கோடியா?” என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சமையலறையிலிருந்து “இவருக்கா?” என்று கேட்டது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2010இல் தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பில் இருந்த அதிகாரி, போலி மின்னஞ்சலில் ஏமாந்து பணத்தை இழந்த வாடிக்கையாளர் ஒருவருக்கு 12 லட்சத்துக்கும் மேல் கொடுக்கும்படி ஒரு தனியார் வங்கிக்கு உத்தரவு போட்டார். ஆனால் அந்த மனிதருக்குக் கணக்கிலிருந்து போன தொகை பாஸ்புக்கில் அச்சாகியிருந்தது. என்னிடமிருந்து போனது எந்தப் பாஸ்புக்கில் ஏறும்?

“புதுச் சட்டம் வந்திருக்கே, அதைச் சொல்லு” என்றேன். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. பெயரைக் கேட்டாலே நமக்காக ஒருவர் கம்போடு நிற்கிற தைரியம் வரும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். தகவல் கசிந்தால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றி, புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். எல்லாம் சரி. ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம். என் தகவலுக்கு அவ்வளவு பொறுமை இல்லை, முன்னாடியே கிளம்பிவிட்டது.

“சரி, 250 கோடியில எனக்கு எவ்வளவு வரும்?”

“ஒரு பைசா வராது மாமா. அபராதம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போயிடும்.”

“அப்ப எனக்கு?”

“உங்களுக்கும் ஒரு பிரிவு இருக்கு. அற்பமான புகார் கொடுத்தா உங்களுக்கு 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம்.”

ஜோக் அடிக்கிறான் என்று நினைத்தேன். சட்டத்தைத் திறந்து காட்டினான், இருக்கிறது. அதைவிட வயிற்றெரிச்சல் இன்னொன்று: இந்தச் சட்டத்தின் கடைசிப் பகுதி அமலுக்கு வரும் நாளில், முதலில் சொன்னேனே 43ஏ, அது நீக்கப்பட்டுவிடும். கையில் இருந்த இழப்பீட்டுப் பிரிவைப் பிடுங்கிக்கொண்டு, கம்பெனி கட்டும் அபராதத்தை அரசாங்கத்தின் பையில் போட்டுக்கொள்கிற சட்டத்துக்கு ‘பாதுகாப்பு’ என்று பெயர் வைத்தவரை எனக்குப் பார்க்க வேண்டும்.

காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் தேனாம்பேட்டையில் இருக்கிறார், கட்டணம் கிடையாது. ஆனால் க்ளெய்ம் தாமதம், நிராகரிப்பு, பிரீமியத் தகராறு என்று போகும் அவருடைய பட்டியலில் ரகசியம் கசிந்ததற்குத் தனி வரி இல்லை. லேகியக்காரி நம் பணத்தைப் பறித்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் போட வேண்டும். அவள் பறித்தது பணம் இல்லை. ஒப்பந்தப்படி கிடைத்த தகவலைக் கெட்ட எண்ணத்தோடு உள்ளே இருந்தே ஒருவன் விற்றிருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவில் மூன்றாண்டு வரை ஜெயில் உண்டு. அவன் யார் என்று முதலில் தெரிய வேண்டும்.

அமெரிக்காவில் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். நம் கோபத்துக்கு எப்போதும் அமெரிக்கா ஒரு ஆறுதல். அங்கே 2015இல் ஆந்தெம் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தில் ஏறக்குறைய 7.9 கோடிப் பேரின் விவரம் திருடு போனது. எல்லோரும் சேர்ந்து வழக்குப் போட்டு 11.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. தலைக்கு வகுத்துப் பார்த்தேன். ஒன்றரை டாலர். அதிலும் வக்கீல் ஃபீஸ் கழிய வேண்டும். என் மச்சான் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நெகிழ்ந்தான்.

கடைசியில் நுகர்வோர் ஆணையம்தான் நமக்குத் தோதான இடம் என்று முடிவானது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நுகர்வோர் நம்பிக்கையாகக் கொடுத்த சொந்தத் தகவலைப் பிறருக்கு வெளியிடுவது நியாயமற்ற வணிக நடைமுறை. ‘நாங்கள் வெளியிடவில்லை, திருடினார்கள்’ என்று கம்பெனி சொன்னால், பூட்டாமல் வைத்தது சேவைக் குறைபாடு என்று வாதாடலாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை (இதைச் சொல்லும்போது மச்சான் குரல் தாழ்ந்தது). இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்கலாம். அதற்கு முன் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு, என்னென்ன தகவல் கசிந்தது என்று எழுத்தில் கேட்டு, பதிலையும், அந்த மெயிலையும், போன் வந்த பதிவையும் பத்திரப்படுத்த வேண்டும்.

ஒரே குறை உள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு கூட்டாகவும் போடலாம் என்றான். எங்கள் ஃப்ளாட்டில் பாதிப் பேருக்கு அதே கம்பெனி. வாட்ஸ்அப் குழுவில் ஆதரவு கேட்டுப் போட்டேன். லிஃப்ட் ரிப்பேருக்கு நள்ளிரவு வரை சண்டை போடுகிற குழு, அன்று மயான அமைதி. நீல டிக் மட்டும் வரிசையாக விழுந்தது. செகரட்டரி மட்டும் தனியாக எழுதினார்: “சார், நான் க்ளெய்மே பண்ணதில்லை. சும்மா கண் செக்கப்தான்.” நான் கேட்கவே இல்லை.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மனுவோடு டிஸ்சார்ஜ் சம்மரியை இணைக்க வேண்டும், எதிர்த்தரப்புக்கும் ஒரு பிரதி போகும். பிறகு ஒருநாள் முன்பின் தெரியாதவர்கள் உட்கார்ந்திருக்கும் ஹாலில் என் பெயரைக் கூப்பிடுவார்கள். லேகியக்காரிக்கு மட்டும் தெரிந்ததை, ஊர் அறிய நானே கையெழுத்துப் போட்டுத் தாக்கல் செய்தால்தான் அது ரகசியமாக இருந்ததற்கு அத்தாட்சி.

“மன உளைச்சலுக்கு ஆதாரம் ஏதாவது?” என்றான் மச்சான்.

“ராத்திரியெல்லாம் தூக்கமில்லை” என்றேன்.

“குறட்டை யாரு விட்டது? அன்னைக்கு மட்டும் ரெண்டு தோசை கூட சாப்ட்டீங்களே” என்று வந்து நின்றாள் மனைவி. “உளைச்சல் எனக்குத்தான்டா. சம்பந்தியம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே! பாலிசில என் பேரும் இருக்குல்ல? என் பேர்ல போடு.”

ஃபேமிலி ஃப்ளோட்டர். அவளும் நுகர்வோர்தான். மச்சான் சட்டப் புத்தகத்தைப் பார்க்காமலேயே தலையாட்டினான். முதல் மனுதாரர் அவள். உளைச்சலுக்கு 2 லட்சம் என்று ஒரு நொடியில் சொன்னாள், யோசிக்கக்கூட இல்லை. இரண்டாம் மனுதாரருக்கு எவ்வளவு என்று கேட்டபோது இருவரும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். 50 ஆயிரம் என்று நான் முனகியதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. கடைசியில் மச்சான் தட்டினான்: ‘ஆணையம் தக்கதெனக் கருதும் தொகை.’

மனைவி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு தடவை படித்தாள்.

“கருதலைன்னா?”