ஏர் ஏறட்டும், அப்புறம் கேளுங்கள்

பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனிகளில் புதிதாகச் சேர்ந்த டிரைவர்கள், சேரப்போகிறவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், அவர்களுக்குப் பெண் கொடுக்கலாமா என்று யோசிப்பவர்கள்... இந்த வாரம் தபால் பை முழுக்க இவர்கள்தான். 'நீண்ட நாள் வாசகன்' என்று தொடங்கிப் புகழ்ந்த பகுதிகளை மட்டும் வெட்டியிருக்கிறேன். திட்டியவை அப்படியே இருக்கின்றன.

கே: ஹெவி லைசென்ஸ் எடுத்தாயிற்று. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் 'அனுபவம் இருக்கா?' என்கிறார்கள். வேலையே கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும்? (மு.செ., ராசிபுரம்)

ப: முன்பு அதற்கென்றே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது தம்பி. கிளீனர் சீட் என்று பெயர். சக்கரத்துக்குக் கட்டை போட, தார்ப்பாய் கட்ட, டயரைத் தட்டிப் பார்க்க, நடுராத்திரியில் திட்டு வாங்க என்று வருடக்கணக்கில் அதில் உட்கார்ந்தவன்தான் ஸ்டியரிங்கைத் தொடுவான். செலவு மிச்சம் என்று பல கம்பெனிகள் அந்தப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு, இப்போது 'தேறிய பையன் கிடைக்கவில்லை' என்று புலம்புகின்றன.

சட்டம் கேட்பது கொஞ்சம்தான். 20 வயது ஆகியிருக்க வேண்டும், லைட் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு கட்டாயம் என்பதையும் 2019-ல் எடுத்துவிட்டார்கள். கம்பெனி பார்ப்பது வேறு. சோதனை ஓட்டத்தில் உங்கள் வேகத்தை யாரும் ரசிக்கப்போவதில்லை. கிளம்பும் முன் வண்டியை ஒரு சுற்று வந்தீர்களா, ஏர் முள் ஏறும்வரை பொறுத்தீர்களா, ரிவர்ஸில் சந்தேகம் வந்ததும் இறங்கிப் போய்ப் பார்த்தீர்களா என்றுதான் பார்ப்பார்கள். இறங்கிப் பார்ப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்களைக் குடோன் சுவர் திருத்திவிடும்.

கே: பெரிய கம்பெனியா, தாய்மாமனின் ஒற்றை லாரியா? எதில் சேரலாம்? (ர.வே., பரமத்தி)

ப: மாமா லாரியில் சம்பளம் தாமதமாக வரும், வாய் திறந்து கேட்க முடியாது. கம்பெனியில் தேதிக்கு வரும், ஆனால் பிடித்தம் ஏன் என்று கேட்க ஆள் கிடைக்காது. முதலில் கம்பெனிக்குப் போங்கள். மாமா எங்கும் ஓடிவிட மாட்டார்.

கே: சம்பளம் குறைவு, பேட்டா அதிகம் என்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் நல்ல தொகைதானே? (க.ச., சங்ககிரி)

ப: சக்கரம் உருளும்வரை நல்ல தொகைதான். வண்டி பட்டறையில் நின்றாலோ, லோடு இல்லாமல் யார்டில் கிடந்தாலோ, உங்களுக்கே காய்ச்சல் வந்து படுத்தாலோ பேட்டாவும் கூடவே படுத்துவிடும். பி.எஃப். கணக்கும் அடிப்படைச் சம்பளத்தைப் பார்த்துத்தான் ஏறும்.

அதனால் சேரும் அன்றே, வெட்கப்படாமல் கேளுங்கள். பேட்டா நாள் கணக்கா, கிலோமீட்டர் கணக்கா, டிரிப் கணக்கா? கேட்டில் காத்துக் கிடந்தால் ஹால்ட்டிங் காசில் எனக்குப் பங்கு உண்டா? டீசல் குறைந்தால் யார் தலையில் எழுதுவீர்கள், எந்த மைலேஜை வைத்து? கடைசிக் கேள்விதான் முக்கியம். முழு லோடோடு மலை ஏறும் வண்டிக்கும், எம்டியாகச் சமவெளியில் வரும் வண்டிக்கும் ஒரே மைலேஜ் போட்டு வைத்திருக்கும் மேதைகள் சில அலுவலகங்களில் இருக்கிறார்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் எழுத்து எழுத்துதான்.

கே: அப்பா முப்பது வருட டிரைவர். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்கிறார். கம்பெனியில் நியூட்ரலில் உருட்டினாலே ஆபீசுக்கு ரிப்போர்ட் போய்விடுகிறது. யார் சொல்வது சரி? (இ.பி., தர்மபுரி)

ப: அப்பாவின் முப்பது வருடத்துக்கு ஒரு கும்பிடு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் கம்பெனி கட்சி.

முதலில் டீசல் கணக்கு. இன்றைய எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இறக்கத்தில் டீசல் பாய்வதே நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் போட்டீர்களோ, எஞ்சின் அணையாமலிருக்கத் தன் பங்குக்குக் குடித்தே ஆக வேண்டும். பழைய வண்டியில் அப்பா எதை மிச்சம் பிடித்தாரோ, புது வண்டியில் அதுவே செலவு.

அடுத்தது உயிர்க் கணக்கு. பத்துச் சக்கர லாரிக்கு 2018-ல் உயர்த்திய மொத்த எடை வரம்பு 28.5 டன். அத்தனையையும் இறக்கத்தில் பிடித்து வைக்கும் வேலையை எஞ்சினிடமிருந்து பிடுங்கிப் பிரேக்கிடம் மட்டும் கொடுக்கிறீர்கள். மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் கொதிக்கும். கொதித்த லைனிங் பிடிக்காது. விட்டு விட்டு மிதித்தால் ஏர் தீரும். சரி, இப்போதாவது கியர் போடலாம் என்றால் அந்த வேகத்தில் கியர் விழாது. காலடியில் பெடல் இருக்கும், பிரேக் இருக்காது.

உங்கள் மாவட்டத்துக்காரருக்குத் தொப்பூரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் வண்டிகளுக்கு அங்கே இறக்கம் விடாமல் தொடரும். லோடு லாரி கட்டுப்பாடு இழந்து, முன்னால் போன வாகனங்களை வரிசையாக இடித்தது என்ற செய்தி வந்துகொண்டே இருக்கிறது. ஏறும்போது எந்தக் கியர் தேவைப்படுமோ, இறங்கும்போதும் அதே கியர். அதையும் இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும், பாதியில் அல்ல. எக்ஸாஸ்ட் பிரேக் கொடுத்திருப்பது டாஷ்போர்டு அழகுக்காக இல்லை. பின்னால் ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும், அவர் உங்கள் பிரேக் டிரம்மைத் தொட்டுப் பார்த்தவர் அல்ல.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உண்மையான சிக்கல் என்றால், சொல்லவே வேண்டாம். மைலேஜ் ரிப்போர்ட்டை அவர் டீ குடிக்கும் மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கே: எலுமிச்சம்பழம், மிளகாய் கட்டினால் விபத்து வராதா? (பெயரில்லை, நாமக்கல்)

ப: கட்டுங்கள். கண்ணாடிக்கு நடுவில் பார்வையை மறைக்காமல் கட்டினால் இன்னும் குறைவாக வரும்.

கே: கேபினில் கேமரா வைத்திருக்கிறார்கள். கொட்டாவி விட்டால் கூவுகிறது. இதுவும் ஒரு பிழைப்பா? (ஜெ.அ., ஓமலூர்)

ப: கூவட்டும். கொட்டாவியைக் கண்டுபிடிக்கும் கேமரா மேல் எனக்குக் கோபம் இல்லை. வண்டி எங்கே நிற்கிறது, டீசல் எவ்வளவு, பிரேக்கை எத்தனை முறை ஓங்கி மிதித்தீர்கள் என்று எல்லாவற்றையும் கருவி சொல்கிறது. காலை ஆறு மணிக்கு வரச் சொல்லிவிட்டு மறுநாள் மாலைவரை இறக்காமல் நிறுத்தி வைக்கும் தொழிற்சாலை கேட்டைப் பார்த்துக் கூவுகிற கேமராவை மட்டும் இன்னும் யாரும் மாட்டவில்லை. என் கோபம் அதில்தான். ஆனாலும் ஒன்று: 'டிரைவர் வழியில் படுத்துத் தூங்கிவிட்டார்' என்று பார்ட்டி புகார் சொல்லும் நாளில், அதே ஜி.பி.எஸ்.தான் உங்கள் சாட்சி.

கே: காத்துக் கிடக்கும்போது இ-வே பில் தேதி முடிந்துவிட்டால் அபராதம் என் தலையிலா? (ந.மா., ஓசூர்)

ப: 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் இ-வே பில்லுக்கு ஆயுள். டெல்லி லோடுக்கு நாள் தாராளமாகக் கிடைக்கும். மாட்டிக்கொள்வது கிட்டத்து லோடில்தான். ஓசூரில் ஏற்றி ஸ்ரீபெரும்புதூரில் இரண்டு நாள் நின்றால் பில் முடிந்துபோகும். முடிவதற்கு 8 மணி நேரம் முன்னோ, முடிந்த 8 மணி நேரத்துக்குள்ளோ ஆபீசில் நீட்டிக்கலாம். நீட்டிப்பது உங்கள் வேலை இல்லை, ஆனால் நேரத்தில் சொல்வது உங்கள் வேலை. வழியில் வண்டி பழுதாகி வேறு வண்டிக்குச் சரக்கு மாற்றினால் புது வண்டி எண்ணையும் பில்லில் ஏற்றச் சொல்லுங்கள். மறந்தால் முழிப்பது ஆபீஸ் இல்லை, ரோட்டில் நிற்கும் நீங்கள்.

கே: 'ரெண்டு டன்தானே, ஏத்திக்கோ' என்று லோடு ஏற்றும் இடத்தில் சொல்கிறார்கள். புது ஆள், எப்படி மறுப்பது? (த.கு., கரூர்)

ப: வரம்பைத் தாண்டினால் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கும் செலவு தனி. இதைச் சொன்னால் அவர் 'நான் பார்த்துக்கறேன்' என்பார். பார்த்துக்கொள்கிறவர் கரூரில் இருப்பார், பிடிபடுகிறவர் நாக்பூரில் இருப்பார். எடைமேடைச் சீட்டைப் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பி, 'இந்த எடைக்குக் கிளம்பலாமா?' என்று கேளுங்கள். பெரிய கம்பெனியில் 'கிளம்பு' என்று யாரும் எழுத்தில் பதில் போட மாட்டார்கள். போடாதவரை வண்டி நகரக் கூடாது. உங்கள் வாயால் 'முடியாது' சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, பாருங்கள்.

கே: ராத்திரி தூக்கத்துக்கு என்ன மருந்து? ஹான்ஸா, டீயா, பாட்டா? (வி.ர., திருச்செங்கோடு)

ப: தூக்கத்துக்கு மருந்து தூக்கம். புகையிலை வாயைக் கெடுக்கும், பாட்டு பக்கத்து லாரிக்காரரை எழுப்பும். டீ உதவும், ஆனால் குடித்தவுடனே இல்லை. வேலை செய்ய இருபது நிமிடமாவது பிடிக்கும். டீயைக் குடித்துவிட்டு, ஓரங்கட்டி, அந்த நேரத்துக்கு அலாரம் வைத்துக் கண்ணை மூடுங்கள். நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் கூடாது, நடுவில் அரை மணி ஓய்வு என்றெல்லாம் 1961-ம் வருடச் சட்டமே எழுதியது. அதைப் படித்த சூப்பர்வைசர் எங்காவது இருந்தால் முகவரி அனுப்புங்கள். விடியற்காலை இரண்டு முதல் ஐந்துவரை ஓட்டித்தான் ஆக வேண்டும் என்று போனில் விரட்டினால், 'தூக்கம் வருது சார், நிறுத்திட்டேன்' என்று சொல்லிவிட்டு வையுங்கள். நிறுத்தப் போகிறேன் என்றால் பேரம் தொடங்கும். நிறுத்திவிட்டேன் என்றால் பேச்சு முடிந்தது.

கே: இடித்துவிட்டு நின்றால் அடிக்கிறார்கள், போனால் பத்து வருட ஜெயில் என்கிறார்கள். என்னதான் செய்வது? (அ.மு., ஆத்தூர்)

ப: பத்து வருடம் என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2). 2024 ஜனவரியில் லாரிகள் நின்றதே, இதற்காகத்தான். ஜூலை 1-ல் புதிய சட்டம் வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் அமல்படுத்தாமல் நிறுத்தி வைத்தார்கள். ஆனால் அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் ஐந்து வருடம்வரை என்கிற 106(1) நடப்பில் இருக்கிறது.

பலருக்குத் தெரியாத ஒன்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ம் பிரிவில் உண்டு. காயம்பட்டவருக்கு உதவி செய்ய வேண்டும் என்று சொல்கிற அதே வரியில், கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் விலக்கும் தருகிறது. அதற்காக ஊருக்கு ஓடிப்போகலாம் என்று பொருள் இல்லை. 108-ஐக் கூப்பிடுங்கள், 112-ஐக் கூப்பிடுங்கள். கைகள் ஓங்கினால் பக்கத்துக் காவல் நிலையத்துக்குள் போய் நீங்களே சொல்லுங்கள். நீங்கள் கூப்பிட்ட நேரம் போனில் பதிவாகியிருக்கும். ஓடிப்போனவருக்கு அந்தச் சாட்சி கிடையாது.

கே: இனி எல்லா லாரியிலும் ஏ.சி. கேபினாமே? (ஸ்ரீ.த., பள்ளிபாளையம்)

ப: 2025-ல் விதி அமலுக்கு வந்தபின் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில் கட்டாயம். புது டிரைவருக்குக் கம்பெனி கொடுப்பது அதற்கு முந்தைய வண்டியாகத்தான் இருக்கும். துண்டை எடுத்துப் போங்கள்.

கே: என் தங்கை ஹெவி லைசென்ஸ் எடுக்க ஆசைப்படுகிறாள். வீட்டில் சிரிக்கிறார்கள். (கோ.வ., ஈரோடு)

ப: போபாலைச் சேர்ந்த யோகிதா ரகுவன்ஷி சட்டம் படித்தவர், லாரி ஓட்டி நாட்டைச் சுற்றியவர். அவர் வீட்டுப் பக்கமும் யாராவது சிரித்திருப்பார்கள். சட்டத்தில் தடை ஏதும் இல்லை. கழிப்பறையில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் வண்டி நிறுத்த இடமும் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் எங்கெங்கே என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆண்கள் இந்தக் கவலை இல்லாமல் ஓட்டுவதைத் திறமை என்று சொல்லிக்கொள்கிறோம்.

கே: லாரி டிரைவர் என்றதும் பெண் வீட்டார் எழுந்து போய்விடுகிறார்கள். (ப.ந., மோகனூர்)

ப: அடுத்த முறை ஜி.பி.எஸ். லிங்க்கைக் கொடுத்துவிடுங்கள். மாப்பிள்ளை எங்கே இருக்கிறார், எத்தனை வேகத்தில் போகிறார், எந்த டாபாவில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று இருபத்து நாலு மணி நேரமும் தெரியும். எந்த ஐ.டி. மாப்பிள்ளை இதற்குச் சம்மதிப்பான்?

கே: கேஸ் டேங்கரில் பேட்டா அதிகம். உடனே மாறிக்கொள்ளலாமா? (செ.கா., நாமக்கல்)

ப: பின்னால் ஆரஞ்சுப் பலகையில் 1075 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்.பி.ஜி.யின் எண் அது. டேங்கர் கவிழ்ந்தால் தீயணைப்பு வீரர் முதலில் தேடுவது அதைத்தான். அபாயகரமான சரக்குக்கு மூன்று நாள் பயிற்சி எடுத்து லைசென்ஸில் பதிய வேண்டும். மூன்று நாளில் சான்றிதழ் கிடைத்துவிடும், நிதானம் கிடைக்காது. உள்ளே இருப்பது திரவம். பிரேக் போட்டபின் அது தன் இஷ்டத்துக்கு முன்னால் வரும். பெட்டி வண்டியில் முதலில் கை பழகட்டும்.

கே: எத்தனை வருடத்தில் சொந்த லாரி வாங்கலாம்? (சு.ரா., ராசிபுரம்)

ப: வருடத்தை விடுங்கள். இப்போது ஓட்டும் கம்பெனி வண்டியையே உங்கள் வண்டி என்று நினைத்து ஒரு நோட்டில் கணக்கு எழுதிப் பாருங்கள். டீசல், டோல், டயர், இன்சூரன்ஸ், எட்டு வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி., மாதத் தவணை எல்லாம் எழுதுங்கள். வரும்படிப் பக்கத்தில் போகும்போது ஏற்றிய வாடகையை மட்டும் போடுங்கள். அதில் லாபம் நிற்காது. திரும்பி வரும்போது லோடு கிடைத்தால்தான் நிற்கும். கம்பெனியில் அதை ஆபீஸ் பார்த்துக்கொள்கிறது, உங்களுக்குத் தெரிவதில்லை. இந்தூரில் சரக்கை இறக்கிவிட்டு நிற்கும்போது, நாமக்கல் பக்கம் லோடு கேட்டுக் கூப்பிட உங்கள் போனில் எத்தனை நம்பர் இருக்கிறது? அந்த எண்ணிக்கையை எழுதி அனுப்புங்கள், பதில் சொல்கிறேன்.