கடல் நடுவே அரட்டை

கேள்வி: கார் நிக்கோபார் தீவில் இருப்பவர் ஐ.ஆர்.சி. (இன்டர்நெட் ரிலே சாட்) என்ற இணைய எழுத்து அரட்டைக் குழுவில் சேர முடியுமா?

பதில்: தாராளமாக! சென்னையிலிருந்து கடலடியில் வரும் ஃபைபர் கேபிள், 2020 ஆகஸ்டிலிருந்து கார் நிக்கோபாருக்கும் சேவை தருகிறது. அது இல்லாவிட்டாலும் பாதகமில்லை; ஐ.ஆர்.சி.க்குக் குறைந்த வேகமே போதும். 1988இல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்கரினென் ஐ.ஆர்.சி. மென்பொருளை எழுதிய காலத்து இணைய வேகம் ஆமைக்கே சிரிப்பு வரவழைக்கும்.

பிரவுசரில் லிபெரா சாட் என்ற ஐ.ஆர்.சி. தளத்தைத் திறந்து, ஒரு புனைபெயர், '#' போட்டு அறையின் பெயர் கொடுத்தால் உள்ளே போய்விடலாம். போன் நம்பர் கேட்க மாட்டார்கள்.

ஒரு சிக்கல். ஒரு செய்திக்கு 512 பைட்தான் வரம்பு. 'நிக்கோபார்' என்று தமிழில் எழுதினாலே 30 பைட் காலி, ஆங்கிலத்தில் 7தான். மேடைப் பேச்சாளர்கள் வேறு இடம் பார்க்கவும்!

லைன் கட்டானால், அந்த நேரத்தில் மற்றவர்கள் பேசியது பொதுவாகத் திரும்பக் கிடைக்காது. உங்களைப் பற்றித்தான் பேசினார்கள் என்றால், அதுவும் ஒரு வசதிதானே?