கும்பகோணத்து அப்பாவும் டெக்ஸாஸ் கவுண்டியும்

போன இதழில் டெக்ஸாஸிலிருந்து ஒரு வாசகர், உள்ளூர்த் தேர்தலில் நிற்கலாமா என்று கேட்டிருந்தார். “நில்லுங்கள்” என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். அதற்கப்புறம் அவர் குடும்பமே பேனாவை எடுத்துவிட்டது. இந்த வாரம் முழுக்க அவர்கள் பாடுதான். நடுவே மற்றவர்களும் மூக்கை நுழைத்திருக்கிறார்கள்.

கே: ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டீர்களே! நான் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன். குடியுரிமை வாங்கி மூன்று வருடம் ஆகிறது. எங்கள் கவுண்டி கமிஷனர் பதவிக்கு எனக்குத் தகுதி உண்டா? (வேட்பாளர், ஹூஸ்டன் புறநகர்)

ப: குடியுரிமை வேண்டும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், வாக்காளராகப் பதிந்திருக்க வேண்டும். டெக்ஸாஸில் 12 மாதமும், போட்டியிடும் பிரிவுக்குள் 6 மாதமும் குடியிருந்திருக்க வேண்டும். அனுபவத்தைப் பற்றிச் சட்டம் வாயே திறக்கவில்லை. நான் திறக்கிறேன். உங்கள் குடியிருப்பில் குப்பைத்தொட்டியை எங்கே வைப்பது என்ற சண்டையை ஒரு தடவையாவது தீர்த்து வைத்ததுண்டா? உண்டு என்றால் அனுபவசாலிதான்.

கே: கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரிதானே? மகன் கலெக்டர் ஆகப்போகிறான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். (வேட்பாளரின் அப்பா, கும்பகோணம்)

ப: சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும், திருத்தப் போனால் கேள்வி கூடும். மாவட்டம் மாதிரிதான், ஆனால் கலெக்டர் கிடையாது. அவர் கையில் இருக்கும் அதிகாரத்தையெல்லாம் பிய்த்துப் பிய்த்துத் தேர்தலில் விட்டிருக்கிறார்கள். ஷெரிஃப், கிளார்க், பொருளாளர் என்று எல்லாருமே ஓட்டு வாங்கித்தான் வரவேண்டும். டெக்ஸாஸில் வரி மதிப்பீடும் வசூலும் பார்ப்பவருக்கு ‘அசெஸர்-கலெக்டர்’ என்று பெயர். கலெக்டர் என்று முடிகிறதே என்று ஆசைப்பட்டால் அதற்கும் தேர்தல்தான்.

உங்கள் மகன் நிற்பது வேறு பதவி. நான்கு கமிஷனர்களும் ஒரு கவுண்டி ஜட்ஜும் சேர்ந்தது ‘கமிஷனர்ஸ் கோர்ட்’. பெயர் கோர்ட். வேலை பட்ஜெட் போடுவது, வரி விகிதம் முடிவு செய்வது, சாலை, சிறைச்சாலைச் செலவு, வெள்ள வடிகால். தலைமை தாங்கும் ஜட்ஜ் வக்கீலாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

கே: அமெரிக்காவில் மொத்தம் எத்தனை கவுண்டி? (போட்டித் தேர்வு மாணவி, தேனி)

ப: 3,100-க்குச் சற்று அதிகம். லூசியானாவில் அதற்கு ‘பாரிஷ்’ என்று பெயர், அலாஸ்காவில் ‘பரோ’. கனெக்டிகட் மாநிலம் 1960-ல் கவுண்டி அரசாங்கமே வேண்டாம் என்று இழுத்து மூடிவிட்டது. டெக்ஸாஸின் லவிங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 64 பேர். அவர்களுக்கும் ஒரு ஜட்ஜ், நான்கு கமிஷனர், ஒரு ஷெரிஃப் எல்லாம் உண்டு. ஒரு கல்யாணப் பந்தியில் ஊரே உட்கார்ந்துவிடும், பரிமாறத்தான் ஆள் இருக்காது. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் ஒரு கோடிக்குப் பக்கம். அத்தனை பேருக்கும் ஐந்தே ஐந்து சூப்பர்வைசர்கள், அதாவது ஒருவர் தலையில் ஏறக்குறைய 20 லட்சம் பேர். ஐந்து போதாது, ஒன்பது ஆக்கலாம் என்று 2024-ல்தான் வாக்காளர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

கே: கவுண்டிக்கும் கவுண்டமணிக்கும் சம்பந்தம் உண்டா? (குறும்புக்கார வாசகர், பல்லடம்)

ப: உண்டு. இரண்டு இடத்திலும் புதிதாக வந்து நிற்பவர்தான் செந்தில்.

கே: அங்கேயும் டெபாசிட் காலியாகுமா? (முன்னாள் சுயேச்சை, விருத்தாசலம்)

ப: அனுபவம் பேசுகிறது! நம்மூரில் பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் டெபாசிட் திரும்ப வரும். டெக்ஸாஸில் கட்டுவது டெபாசிட் அல்ல, கட்டணம். இரண்டு லட்சம் பேருக்கு மேல் உள்ள கவுண்டியில் கமிஷனர் பதவிக்கு 1,250 டாலர், சிறிய கவுண்டியில் 750. ஜெயித்தாலும் திரும்பாது. கட்டின நிமிஷமே காலி என்பதால், எண்ணிக்கை அன்று அந்தக் கவலை மட்டும் இருக்காது. பணத்துக்குப் பதில் வாக்காளர்களின் கையெழுத்து திரட்டிக் கொடுக்கும் வழியும் உண்டு. புதியவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். கையெழுத்து போட்டவர் பெயரையாவது ஞாபகம் வைத்திருப்பார்.

கே: எதற்கெல்லாம் தேர்தல் வைக்கிறார்கள் என்று ஒரு கணக்கே இல்லையா? (ஓய்வுபெற்ற தாசில்தார், நாமக்கல்)

ப: அந்த நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல். பல இடங்களில் சந்தேக மரணத்தை விசாரிக்கும் ‘கொரோனர்’ பதவிக்கும் ஓட்டு. அவர் டாக்டராக இருக்கவேண்டும் என்று எல்லா மாநிலமும் கேட்பதில்லை. கென்டக்கியில் ஜெயிலரையே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். சில கவுண்டிகளில் ஜெயிலே கிடையாது, ஜெயிலர் மட்டும் உண்டு. எனக்குப் பிடித்தது மிச்சிகன். அங்கே கவுண்டிக்கு ஒரு வடிகால் கமிஷனர், தேர்தலில் வருகிறார். மழையில் தெரு முங்கினால் யாரைத் திட்டுவது என்று நாம் ஆறு அலுவலகம் ஏறி இறங்குகிறோம். அங்கே பெயர் சொல்லித் திட்டலாம், அடுத்த தேர்தலில் வீட்டுக்கும் அனுப்பலாம். இந்த ஒன்றை நாம் இறக்குமதி செய்தால் நான் எதிர்க்க மாட்டேன்.

கே: நின்ற முதல் தடவையே ஜெயித்தவர்கள் இருக்கிறார்களா? நண்பர்கள் சிரிக்கிறார்கள். (வேட்பாளர்)

ப: உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது உதாரணம். 2018-ல் ஹாரிஸ் கவுண்டி ஜட்ஜ் பதவிக்கு லினா ஹிடால்கோ நின்றபோது வயது 27. கொலம்பியாவில் பிறந்தவர், 2013-ல் குடியுரிமை பெற்றவர், அதுவரை எந்தத் தேர்தலிலும் நிற்காதவர். எதிரே நின்ற எட் எமெட் பதினோரு வருடமாக நாற்காலியில் இருந்தவர். முந்தைய வருடம் ஹார்வி புயலில் ஹூஸ்டன் மூழ்கியபோது பொறுப்பாக நின்றவர் என்று எதிர்க்கட்சிக்காரர்களே அவரைப் பாராட்டினார்கள். ஆனாலும் இருபதாயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் அவர் தோற்றார்.

அப்போது டெக்ஸாஸில் ஒரே அழுத்தில் ஒரு கட்சியின் வேட்பாளர் அத்தனை பேருக்கும் ஓட்டுப் போடும் வசதி இருந்தது. அந்த அலையில் அடித்து வந்தவர் என்று ஹிடால்கோவைக் குறை சொன்னார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் அந்த அலை அடிக்கும் என்று யாருக்கும் தெரியாத நாளில் மனு போட்டு வைத்தவர் அவர்.

உங்களுக்கு அந்த அழுத்து கிடைக்காது. 2020-லிருந்து அதை எடுத்துவிட்டார்கள். இப்போது வாக்காளர் ஒவ்வொரு பதவியாக இறங்கி வரவேண்டும். மேலே ஜனாதிபதி அல்லது கவர்னர். அப்புறம் நீதிபதிகள் ஒரு படை. உங்கள் பெயர் வரும்போது அவருக்குக் கை வலித்திருக்கும், காரைத் தப்பான இடத்தில் நிறுத்திய ஞாபகமும் வந்திருக்கும். எதிரே நிற்பவரைவிட அந்த வாக்குச்சீட்டின் நீளத்துக்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும். கீழே வந்து பெயரைத் தேடும் ஆட்களைச் சேர்ப்பதுதான் உங்கள் பிரசாரம்.

கே: நம் வம்சாவளியில் இப்படி உள்ளூரில் தொடங்கியவர் யாரும் இல்லையா? (பேராசிரியை, மன்னார்குடி)

ப: மன்னார்குடிக்காரருக்குத் தெரியாததா? பக்கத்துத் துளசேந்திரபுரத்தைச் சேர்ந்த கோபாலனின் பேத்திதான். கமலா ஹாரிஸ் முதல்முதலாக நின்றது 2003-ல், சான் பிரான்சிஸ்கோவின் மாவட்ட அரசு வழக்கறிஞர் பதவிக்கு. அங்கே நகரமும் கவுண்டியும் ஒன்றே. எதிரே பதவியில் இருந்த டெரன்ஸ் ஹாலினன். கமலாவை ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. சூப்பர் மார்க்கெட் வாசலில் இஸ்திரி போடும் பலகையை விரித்து, நோட்டீஸை அதன்மேல் அடுக்கி, வருவோர் போவோரிடம் பேசிக்கொண்டு நின்றார். அம்மா சியாமளாவும் தேர்தல் வேலை பார்த்தார். முதல் சுற்றில் யாருக்கும் பாதி ஓட்டு கிடைக்காமல், டிசம்பரில் மறுசுற்றில் ஜெயித்தார்.

இஸ்திரிப் பலகையில் ஒரு நுட்பம் இருக்கிறது. மடக்கிக் காரில் போடலாம், நின்றபடி எழுதச் சரியான உயரம், வாடகையும் இல்லை. “இதென்ன பலகை?” என்று ஒருவர் கேட்டால் பேச்சு தொடங்கிவிட்டது.

கே: கவுண்டியில் தொடங்கி ஜனாதிபதி ஆனவர் உண்டா? (வேட்பாளரின் மாமனார், மதுரை)

ப: மாப்பிள்ளை இன்னும் மனுவே போடவில்லை ஐயா! இருந்தாலும் சொல்கிறேன். ஹாரி ட்ரூமன் கான்சஸ் சிட்டியில் வைத்திருந்த துணிக்கடை 1922-ல் நொடித்தது. அதே வருடம் மிசோரியின் ஜாக்ஸன் கவுண்டியில் ஜட்ஜ் பதவிக்கு நின்றார். வக்கீல் படிப்பு இல்லை, அங்கேயும் ஜட்ஜ் என்றால் சாலை போடும் நிர்வாகிதான். ஓர் ஊர்க் கூட்டத்துக்குச் சின்ன விமானத்தில் வந்து மேலிருந்து நோட்டீஸ் தூவினார். கீழே இறங்கியதும் முதல் வேலையாக வாந்தி எடுத்தார், அப்புறம் பேசினார். கட்சிக்குள் நடந்த முதல்கட்டத் தேர்தலில் அவர் தாண்டியது முந்நூறுக்கும் குறைவான ஓட்டில். 1924-ல் தோற்று, மோட்டார் கிளப்புக்கு உறுப்பினர் சேர்த்துக் கமிஷனில் பிழைத்தார். 1926-ல் திரும்ப வந்தார்.

க்ரோவர் கிளீவ்லாண்ட் நியூயார்க் மாநிலத்தின் ஈரி கவுண்டியில் ஷெரிஃப். இரண்டு தூக்குத் தண்டனைகளைத் தானே நிறைவேற்றியவர். ஜோ பைடன் 27 வயதில், 1970-ல், டெலவேரின் நியூகாஸில் கவுண்டி கவுன்சிலுக்கு நின்று ஜெயித்தார். தேர்தல் வேலையை நடத்தியது தங்கை வேலரி. உங்கள் மாப்பிள்ளைக்குத் தங்கை உண்டா?

கே: வீட்டில் அவனைக் ‘குட்டி’ என்றுதான் கூப்பிடுகிறோம். முழுப் பெயர் அந்த ஊர்க்காரர் வாயில் நுழையாது. சீட்டில் குட்டி என்று போடுவார்களா? (வேட்பாளரின் அம்மா)

ப: அம்மா, இந்த வாரத்தின் நல்ல கேள்வி உங்களுடையது. டெக்ஸாஸ் சட்டத்தில் இடம் இருக்கிறது. செல்லப்பெயர் ஒரே வார்த்தையாக, ஆங்கிலத்தில் பத்து எழுத்துக்குள் இருக்கவேண்டும். அந்தப் பெயரில் அவரைக் குறைந்தது மூன்று வருடமாவது ஊரறிய அழைத்திருக்க வேண்டும். அவர் பிறந்ததிலிருந்து நீங்கள் அழைக்கிறீர்கள், ஆனால் கும்பகோணத்தில். அங்கே எத்தனை பேர் அழைக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

கே: நோட்டீஸ் அடித்தாயிற்று. தெருத்தெருவாகத் தபால் பெட்டியில் போட்டுவிடலாமா? (வேட்பாளர்)

ப: கையை எடுங்கள்! அங்கே வீட்டுத் தபால் பெட்டியில் தபால்தலை ஒட்டாத காகிதத்தைப் போடுவது மத்திய அரசின் சட்டப்படி குற்றம். அபராதம் விழும். கதவிடுக்கில் செருகுங்கள். அதைவிட, கதவைத் தட்டிக் கையில் கொடுங்கள். பொருளாளர் ஒருவரை எழுத்தில் நியமித்தீர்களா? அதற்கு முன் ஒரு டாலர் வாங்கவும் கூடாது, செலவழிக்கவும் கூடாது. அச்சகத்துக்குப் பணம் கொடுத்த தேதியைப் பாருங்கள். ஆள் கிடைக்காவிட்டால் உங்களையே நீங்கள் நியமித்துக்கொள்ளலாம்.

கே: ஓட்டு சமமாக வந்தால்? நம்மூரில் குலுக்கல் போடுவார்கள். (ஊராட்சி வார்டு உறுப்பினர், செய்யாறு)

ப: அங்கேயும் பல இடங்களில் அதிர்ஷ்டத்தின் கையில்தான். நெவாடாக்காரர்கள் சூதாட்ட ஊர்க்காரர்கள் அல்லவா, சீட்டுக்கட்டை எடுத்துவிடுவார்கள். 2002-ல் எஸ்மெரால்டா கவுண்டி கமிஷனர் தேர்தலில் இருவரும் ஆளுக்கொரு சீட்டு உருவினார்கள். இரண்டுமே ஜாக்கி! ஒருவர் கையில் டைமன், மற்றவர் கையில் இஸ்பேட். இஸ்பேட் பதவிக்கு வந்தது.

கே: தேர்தலுக்காக வேஷம் போட்ட புதுமுகம் யாராவது? (நாடக நடிகர், புதுக்கோட்டை)

ப: எழுத்தாளர் ஹன்டர் தாம்ப்ஸன். 1970-ல் கொலராடோவின் பிட்கின் கவுண்டியில் ஷெரிஃப் பதவிக்கு நின்றார். தலையை மழித்துக்கொண்டு, சாதாரணமாகக் கிராப்பு வெட்டியிருந்த போட்டியாளரை “நீளமுடிக்காரர்” என்று மேடைக்கு மேடை அழைத்தார். ஊர் சிரித்தது. ஆனால் தோற்றார்.

கே: தினம் சாயங்காலம் வீடு வீடாகப் போகிறார். எங்கள் வீட்டுக்கு எப்போது வருவார்? (வேட்பாளரின் மனைவி)

ப: வாக்காளர் பட்டியலில் உங்கள் வீடும் இருக்கிறது, ஒருநாள் வந்து தட்டுவார். திறந்ததும் ஒன்று கேளுங்கள்: போன மார்ச் முதல்கட்டத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டாரா? டெக்ஸாஸில் யாருக்குப் போட்டீர்கள் என்பதுதான் ரகசியம். போட்டீர்களா, எந்தக் கட்சியின் முதல்கட்டத்தில் போட்டீர்கள் என்பது யாரும் கேட்டு வாங்கக்கூடிய பொது ஆவணம். “எனக்கு ஓட்டுப் போடுங்கள்” என்று வந்து நிற்பவர் தானே போடாமல் விட்டிருந்தால், எதிரே நிற்பவர் அதை அச்சடித்து வீட்டுக்கு வீடு அனுப்புவார். தபால்தலை ஒட்டி.

கே: அமெரிக்காவில் அப்பா பெயர் குடும்பப் பெயர் ஆகிவிடுகிறது. ஆக, நட்ட போர்டில் எல்லாம் என் பெயர்தான் பெரிய எழுத்தில். அப்படியிருக்கச் சும்மா இருக்கலாமா? இரண்டு லட்சம் அனுப்பலாம் என்றிருக்கிறேன். தேர்தல் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அவன் அம்மா நான்கு டின் முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள். (வேட்பாளரின் அப்பா)

ப: ஐயா, அவசரப்படாதீர்கள்! வெளிநாட்டவர் அமெரிக்கத் தேர்தலுக்குப் பணம் தரக்கூடாது, கவுண்டித் தேர்தலுக்கும் சேர்த்துத்தான். பச்சை அட்டை வைத்திருந்தால் தரலாம். உங்களிடம் இருப்பது ரேஷன் அட்டை. பணம் மட்டுமல்ல, மதிப்புள்ள எந்தப் பொருளும் கூடாது என்கிறது சட்டம். அம்மாவின் முறுக்குக்கு மதிப்பில்லை என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. மகன் வீட்டில் தனியாகத் தின்னட்டும், ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது, உட்கார்ந்து படியுங்கள். தேர்தல் பணத்தை எப்படிச் செலவழிப்பது, பிரசாரத்தை எப்படி நடத்துவது என்று முடிவெடுப்பதிலும் வெளிநாட்டவர் தலையிடக்கூடாது. போர்டை எந்த முக்கில் நடுவது, எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்று தினம் ராத்திரி நீங்கள் போனில் முடிவு செய்து சொன்னால் அதுவும் வம்பில் போய் முடியலாம். ஒரு கும்பகோணத்து அப்பா மகனுக்கு யோசனை சொல்லாமல் இருக்கவேண்டும் என்று அமெரிக்கா எதிர்பார்க்கிறது. நடக்கிறதா, நவம்பரில் எழுதுங்கள்.