இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போ மனே, ஆனையும் விழணும்!

பெரும்போக அறுவடை முடிந்து வயல் வட்டைகள் வெறிச்சோடியதும் நம் அம்பாறைக் கரையோரத்துக்கு மூன்றாவது பெருநாள் வந்துவிடும். இதற்குப் பிறை பார்க்கத் தேவையில்லை, வட்ஸ்அப் போதும். "மாவடிப்பள்ளிப் பக்கம் ஆன நிக்கிதாம்" என்று ஒரு குரல்பதிவு வந்து விழும். அரை மணித்தியாலத்தில் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் நிந்தவூரும் பைக்கில் ஏறி, காரைதீவு தாண்டி, அம்பாறை வீதியின் இரு கரையையும் அடைத்துக்கொண்டு நிற்கும். கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்குக் கூடும் சனம் போல ஒரு சனம். கச்சான்காரர் வந்துவிடுவார். ஐஸ்கிரீம் வண்டி மணியடிக்கும். கைக்குழந்தைக்குத் தொப்பி போட்டுத் தூக்கி வருவார்கள். வராதது ஒன்றே ஒன்றுதான்: புத்தி.

வட்டைக்குள் ஒரு யானைக்கூட்டம். சிந்திக் கிடக்கும் நெல்லையும் வைக்கோலையும் தின்ன வந்தவை. நடுவில் குட்டியை விட்டுச் சுற்றிவர நிற்கும் தாய்மார். வீதியில் நின்றே பார்க்கலாம். ஆனால் வீதியில் நின்று எடுத்தால் போட்டோவில் யானை எருமைக் கன்று அளவுக்குத்தான் தெரியும். பேஸ்புக்கில் எவன் லைக் போடுவான்? ஆகவே வரம்பில் இறங்குகிறோம். ஒரு வாப்பா மகனை யானைக்கும் தனக்கும் நடுவில் நிறுத்தி, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டளையிடுகிறார்: "இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போ மனே, ஆனையும் விழணும்!" மகனும் வாப்பா சொல் தட்டாமல் பின்னுக்குப் போகிறான், யானையை நோக்கி. ஆனை படத்தில் விழட்டும் வாப்பா, மகன் மேல் விழாமல் இருக்கத் துஆ செய்துகொள்ளுங்கள்.

முன்னால் நிற்கும் பெரிய பெட்டை காதை விரிக்கிறது. தலையை உயர்த்தித் தும்பிக்கையைச் சுருட்டுகிறது. காலால் மண்ணை உதைக்கிறது. "போதும், இனி வராதே" என்று யானை சொல்வது இப்படித்தான். நம் பொடியன்மார் சொல்வது: "மச்சான், போஸ் குடுக்குதுடா! லைவ்ல போடு!" ஒருவன் விசிலடிக்கிறான். இன்னொருவன் மண்ணாங்கட்டியால் எறிகிறான், யானை கமராவைப் பார்க்க வேண்டுமாம். ஆசிய யானை மணிக்கு 25 கிலோமீற்றர் வேகம் தொடும். சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வழுக்கும் வரம்பில் ஒரு கையில் போனோடு ஓடுகிறவரின் வேகம் என்ன என்பதை அவரே ஓடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

2025 ஓகஸ்டில் கர்நாடகாவின் பந்திப்பூர்க் காட்டு வீதியில் ஒருவர் அதைக் கண்டுபிடித்தார். யானையோடு செல்ஃபி எடுக்கப் போனார். யானை துரத்தியது, விழுந்தார், மிதிபட்டார், காற்சட்டை கழன்றது. எப்படியோ உயிர் தப்பினார். வனத்துறை 25,000 இந்திய ரூபாய் அபராதம் விதித்தது. அவர் எடுக்க நினைத்த படம் எங்கே போனதோ, வீதியில் நின்றவர்கள் எடுத்த அவருடைய படம் உலகம் சுற்றியது.

படிக்காத சனம், பணமில்லாத சனம் என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. 2022 ஒக்டோபரில் யால தேசிய பூங்காவுக்குள் விலையுயர்ந்த ஜீப்புகளை விரட்டி விளையாடி, அதைத் தாங்களே வீடியோவும் எடுத்தவர்கள் கச்சான் விற்கிறவர்களா? மடமைக்கு வருமான வரம்பு கிடையாது.

மறுநாள் செய்தியைப் பாருங்கள். "காட்டு யானைகள் படையெடுப்பு." "யானைகள் அட்டகாசம்." ஐந்நூறு பேர் சுற்றி நின்று கூச்சலிட்டதற்கு என்ன பெயர்? அதற்குப் பெயர் "பார்வையாளர்கள்". படையெடுப்பு என்றால், யானைப்படையோடு வந்த அப்ரஹாவின் கதை நம் மதரசாப் பிள்ளைக்கும் தெரியும். மக்காவை நோக்கி ஏவியபோது அந்தப் பட்டத்து யானை மண்டியிட்டு, ஓரடி எடுத்து வைக்க மறுத்தது என்று உஸ்தாத்மார் சொல்லித் தந்திருக்கிறார்கள். எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று யானைக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கதையை ஓதிக் கேட்ட நமக்குத் தெரியவில்லை.

சரி, இந்த யானைகளை ஊர்ப்பக்கம் அழைத்தது யார்? அழைப்பிதழ் நம் வீட்டு வாசலில்தான் அச்சாகிறது. லஞ்ச் ஷீற்றில் புரியாணி, சொப்பிங் பேக்கில் எலும்பு, அதற்கு மேல் ஒரு முடிச்சு. கரையோரக் குப்பை போய்ச் சேர்ந்த பள்ளக்காட்டை எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்? 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு அங்கே கழிவு முகாமைத்துவ நிலையம் வந்தது. சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை போனது, மீள்சுழற்சி மட்டும் நடக்கவில்லை. 2014இல் மின்னல் விழுந்து மின்வேலி பழுதானது. மின்னலுக்கு ஒரு விநாடி போதுமாயிருந்தது, அதிகாரிகளுக்கு வருடங்கள் போதவில்லை. திறந்த வாசலால் யானைகள் உள்ளே வந்தன. 2022 ஜனவரியில் கணக்குப் பார்த்தபோது எட்டு வருடத்தில் சுமார் 20 யானைகள் செத்திருந்தன. வயிற்றைக் கிழித்துப் பார்த்த மிருக வைத்தியர் நிஹால் புஷ்பகுமார கண்டது பொலித்தீன், உணவு சுற்றிய உறை, பிளாஸ்ரிக், தண்ணீர். யானை தின்று செரிக்கும் சாப்பாடு ஒன்றும் இல்லை.

குப்பைமேடுகளைச் சீர்செய்வோம், மின்வேலி போடுவோம் என்று 2017இல் அரசாங்கம் அறிவித்ததும் உண்டு. அறிவிப்புக்கு மீள்சுழற்சி வசதி எப்போதும் இருக்கிறது, ஒவ்வொரு அரசாங்கமும் அதையே திரும்பப் பாவிக்கலாம்.

குப்பை தின்னும் அந்த யானைகளின் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. அதையும் பெருமையாகப் பகிர்ந்தோம்: "நம்ம ஏரியா!" ஆம், நம்ம ஏரியாதான், நம்ம சொப்பிங் பேக்தான். நூறு மீற்றர் தள்ளி நில்லுங்கள் என்று இன்று யாராவது சொன்னால் சிரிப்பு வராதா? யானையின் குடலுக்குள்ளேயே போய்விட்டவர்களுக்கு நூறு மீற்றர் என்ன கணக்கு?

இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது, அதுதான் வயிறு எரிய வைப்பது. இருட்டியதும் பார்வையாளர்கள் கலைந்து போவார்கள். வைஃபை இருக்கும் வீட்டில் படுத்துக்கொண்டு லைக் எண்ணுவார்கள். பகல் முழுக்க விசிலும் எறியும் வாங்கி வெறி ஏறிய யானை அவர்கள் வீடு தேடிக் கல்முனைக்குடிக்கு வராது. அது வட்டை விளிம்பில் ஓலை வாடிக்குள் யானை வெடியோடு விழித்திருக்கும் காவல்காரனிடம் போகும். சம்மாந்துறைப் பக்கத்தில் தகரம் அடித்த வீட்டுச் சுவரில் முட்டும். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு போன் போட்டால், வாகனம் வருவதற்குள் விடிந்துவிடும். படம் உங்களுக்கு, அதற்கு விலை கொடுப்பது அந்தக் காவல்காரன். படத்தில் அவன் விழுவதும் இல்லை.

யானையை எவ்வளவு தூரத்தில் நின்று படம் எடுப்பது என்று உண்மையிலேயே அறிய விரும்பினால், இணையத்தில் தேட வேண்டாம். அந்தக் காவல்காரனிடம் கேளுங்கள். அவன் மீற்றர் கணக்கு சொல்ல மாட்டான். உங்கள் போனையும், ஐஸ்கிரீமையும், தொப்பி போட்ட குழந்தையையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொல்வான்: "ஊட்ட போங்க காக்கா."