ஆமா போடுகதும் ஒரு வித்தையாக்கும்

வா மக்கா, இரி. ஒன் கட்டுரைய வாசிச்சாச்சு. கண்ணாடியத் தேடி எடுத்து, திண்ணையில இருந்து ரெண்டு மட்டம் வாசிச்சேன். கையில ஒரு பென்சிலும் வச்சிருந்தேன். பயப்படாதே, திருத்துகதுக்கு இல்ல, எண்ணிப் பாக்கதுக்கு. மெய்சிலிர்ப்பு மூணு எடத்துல. கண்ணீர் ரெண்டு எடத்துல. 'அரங்கமே அதிர்ந்தது' ஒரு எடத்துல. 'சொல்ல வார்த்தைகளே இல்லை' ஒரு எடத்துல. வார்த்தை இல்லண்ணு சொன்ன பொறவும் நாலு பத்தி எழுதியிருக்கே பாரு, அந்தத் தைரியம் எனக்கு வராது. ஆனா ஒரே ராத்திரியில மூணு மட்டம் ஒடம்பு சிலுத்துதுண்ணா அது சங்கீதம் இல்ல மக்கா, குளிர்காய்ச்சல். ஆஸ்பத்திரியில ரத்தம் குத்திப் பாக்கணும்.

நீ எழுதினியே, அந்த நாடகத்துப் பிள்ளை பாவம்லா. ரெண்டரை மணிக்கூறு மேடையில வள்ளியா நின்னு பாடி, ஆடி, பேசி, தொண்டை காஞ்சு எறங்கிச்சு. ஒன் கட்டுரைய வாசிச்சா அது பாடிச்சா, இல்ல அம்மியில சம்மந்தி அரைச்சுதாண்ணு தெரியல்ல. ஒரு வேலை செய்து பாரு. அவ பேர அழிச்சுட்டு, புதுசா தொறந்த நகைக்கடை பேர அதுல எழுது. 'ஜொலித்தார், மயக்கினார், உள்ளத்தை அள்ளினார்'. வேற ஒண்ணும் மாத்தாண்டாம். கடைக்காரன் துட்டு குடுத்து வாங்கிக்கிடுவான்.

'ஒலியமைப்பு கடைசிப் பாட்டு வரை கண்ணாடி போல் துலங்கியது'ண்ணு ஒரு வரி இருக்கு. நல்ல வரி. அதப் பத்திப் பொறவு பேசுவோம். சாயா வரட்டும்.

நம்ம நாஞ்சில் நாட்டுல பாராட்டுக்கு ஒத்தச் சொல்லுதான் உண்டு: கொள்ளாம். அதத் தாண்டி ஒருத்தன் ஒருத்தனப் புகழுகான்னா பொண்ணு கேக்க வந்திருக்காண்ணு அர்த்தம், இல்லண்ணா கடன் கேக்க. ஆனா அந்த ஒத்தச் சொல்லுக்குள்ள எத்தன சொல்லு கெடக்கு தெரியுமா? பட்டுண்ணு 'கொள்ளாம்'ண்ணா, ஆள விடு, பஸ்சுக்கு நேரமாச்சு. 'கொள்ளாஆஆம்'ண்ணு இழுத்தா, மோசம், ஆனா ஒங்க அப்பனுக்கும் எனக்கும் பழக்கம். தலையக் குனிஞ்சு, வெத்தல மென்னுக்கிட்டே, தனக்குத் தானே மெல்ல 'கொள்ளாம்'ண்ணு ஒருத்தன் சொன்னாம்ண்ணா அந்தப் பாட்டுக்காரன் அண்ணைக்கு நிம்மதியா ஒறங்கலாம்.

கல்யாண வீட்டுல தவசிப்பிள்ளைகிட்டப் போயி 'ஒங்க அவியல் ஒரு காவியம்'ண்ணு எவனாவது சொல்லியிருக்கானா? சொன்னா கரண்டியாலயே ஒண்ணு கிட்டும். எலைக்கு முன்னால இருக்கவன் ரெண்டாம் மட்டம் அவியலுக்குக் கையக் காட்டுகான் பாத்தியா, அதாக்கும் விமரிசனம். பழைய நாடகக் கொட்டகையில அதுக்குப் பேரு ஒன்ஸ்மோர். செத்துக் கெடக்க வேசக்காரன்கூட சனம் ஒன்ஸ்மோர் கேட்டா எழும்பி இருந்து பாடிட்டு, பொறவு மரியாதையா மறுபடி சாவானாம். கேலியா நெனைக்காதே. பாட்டு வேணும், கதை கொஞ்ச நேரம் காத்துக் கெடக்கட்டும்ண்ணு சனம் போட்ட தீர்ப்பு அது. நம்ம செங்கோட்டை கிட்டப்பா மைக் இல்லாத கொட்டகையில கடைசித் தரைடிக்கெட்டு வரைக்கும் தொண்டையக் கொண்டு போன மனுசன். 1933-ல, 27 வயசுல போயிட்டாரு. இண்ணைக்கும் அந்த எட்டுக்கட்டைய பேசுகானுவ. எந்தப் பத்திரிகைக்காரன் எழுதி? கேட்டவன் கேட்டவங்கிட்ட சொல்லி.

அதுக்காகப் பத்திரிகைக்காரன் வேண்டாம்ண்ணு சொல்லல்ல கேட்டியா. 'கர்நாடகம்'ண்ணு பேரு வச்சுக்கிட்டு ஆனந்த விகடன்ல 'ஆடல் பாடல்' எழுதினாரே கல்கி, அவரும் பத்திரிகைக்காரர்தானே? வித்துவானக் கேலி பண்ணினா வித்துவான் வீட்டுலயே சிரிப்பானுவ. கேலி பண்ணுகதுக்கு நாக்கு போதும்ண்ணு நீ நெனைக்கே. அவருகிட்ட காது இருந்துது. நியூயார்க்குல ஒரு காலத்துல மொதல் நாள் ஆட்டம் முடிஞ்சா நடிகனுவ ஒறங்க மாட்டானுவளாம். விடியக்காலப் பேப்பர் வாற வரைக்கும் குத்த வச்சு இருப்பானுவளாம், அதுல எழுதுகதப் பொறுத்து நாடகம் ஓடும், இல்ல மூட்டை கட்டும். ஒன் பேப்பருக்கு அந்தப் பிள்ளை அப்படி முழிச்சு இருந்துருக்கும்ண்ணு ஒரு நிமிசம் நெனச்சுப் பாத்தியா?

சரி, எழுத்தும் பேப்பரும் இல்லாத நம்ம ஊருல விமரிசகன் யாரு, சொல்லு பாப்போம்? கோமரத்தாடி! அம்மன் கோயில் கொடையில வில்லடி நடக்கு. சாமம் ஆச்சு. புலவர் கதையக் கொண்டு வந்து இசக்கியம்மை உக்கிரம் ஆகுக எடத்துல நிறுத்துகாரு. உடுக்கு எழும்புது, குடம் பேசுது, வில்லு மணி கலகலங்குது. கோமரத்தாடி மேல சாமி வந்துட்டுதுண்ணா பாட்டு பாஸ். வரல்லண்ணா பாட்டுல என்னமோ கொற. நீ மாதிரி 'புலவர் முயற்சி பாராட்டத்தக்கது'ண்ணு எழுதித் தப்பிக்க முடியாது. ஊரே பாத்துக்கிட்டு இருக்கும், சாமியும் பாத்துக்கிட்டு இருக்கும்.

அந்த மேடையில ஒனக்கு ஒரு எடம் உண்டு மக்கா. நடுவுல வீசுகோலோட புலவர் இருக்காரா, பக்கத்துல இருந்து 'ஆமா' போடுகான் ஒருத்தன், அவந்தான் நீ. ஆமாண்ணா சும்மா தலையாட்டுகதுண்ணு நெனைக்காதே. 'ராசா செத்துப்போனாரு'ண்ணு புலவர் சொல்லி முடிக்க முன்னயே இவன் 'ஆமா'ண்ணு துள்ளினா, இவந்தான் கொண்ணுருப்பாண்ணு சனம் நெனைக்கும். எல்லா வரிக்கும் ஆமா போட்டா புலவர் பாட்டு ஆமாவுக்கு அடியில முங்கிப் போவும். ஒன் கட்டுரை அப்படித்தான் இருக்கு, அங்க அவ முங்கிட்டா.

நல்ல ஆமாக்காரன் என்ன செய்வான் தெரியுமா? புலவருக்கு மூச்சு முட்டுக எடத்துல ஆமாவ கொஞ்சம் நீட்டிக் குடுப்பான், அவரு அதுக்குள்ள மூச்சு வாங்கிக்கிடுவாரு. கேக்கவன் மனசுல என்ன கேள்வி வருமோ அத இவன் முந்தி வாய் தொறந்து கேப்பான்: 'அப்படிச் சொன்னாளா? பொறவு?' கதை தப்புண்ணா ஆமாவோட சத்தத்த வச்சே புலவருக்குத் தெரிய வச்சிருவான். வெளிய இருக்க ஒருத்தருக்கும் தெரியாது. பாட்டு தெரிஞ்சவன் மட்டும்தான் ஆமா போடலாம்.

தெரிஞ்சு எழுதுகதுண்ணா என்னண்ணு காட்டுகேன், இப்ப ஒழுகினசேரிக்கு வா. 1908-ல நம்ம பழையாத்துக் கரையில பெறந்த கிருஷ்ணன், நாடகக் கொட்டகையில சோடா வித்த பய, வில்லுப்பாட்டு கேட்டுப் படிச்சு, டி.கே.எஸ். சகோதரர்கள் கம்பெனியில சேந்து, என்.எஸ்.கே. ஆனாவ. 'கலைவாணர்' பட்டம் நாடக உலகத்துப் பெரியவர் பம்மல் சம்பந்த முதலியார் கையால கிட்டிச்சு. அவியளப் பத்தி எழுதுகவன் அம்புட்டு பேரும் ஒரே வரிதான் எழுதுகானுவ: 'சிரிக்க வைத்தார், சிந்திக்க வைத்தார்'. சரிலே, எப்படி வச்சாவ? அதச் சொல்ல ஒருத்தனுக்கும் நேரமில்ல.

'கிந்தனார்' கேட்டிருக்கியா? 1949-ல வந்த 'நல்லதம்பி' படத்துல உண்டு, அண்ணாதுரை கதை. நந்தனார் கதாகாலட்சேபம் எப்படி நடக்குமோ அப்படியே நடத்துகாவ. பாகவதர் நிக்க நிலை, பாட்டும் வசனமும் மாறி மாறி வாற ஒழுங்கு, அதுல ஒரு கொறவு கெடையாது. பேருல மொதல் எழுத்து மட்டும் மாறிப் போச்சு. நந்தனுக்குச் சிதம்பரம் போகணும். கிந்தனுக்குப் படிக்கப் பட்டணம் போகணும். அங்க சாமி தரிசனம், இங்க பள்ளிக்கூடம். கீழ்சாதிண்ணு ஒதுக்கின பய ரயிலேறிப் போயி, படிச்சு அதிகாரியாத் திரும்பி வாறான். இதுல தொழில் எங்க இருக்குண்ணு பாரு: பாகவதர் மொகத்துல சிரிப்பே கெடையாது. அவரு சிரிச்சா நாம சிரிக்க மாட்டோம். கேலி பண்ணுக வடிவத்த அவரு சுத்தமாப் படிச்சு வச்சிருக்காரு, அதனாலதான் கேலி தைக்குது. தாளம் தப்பினா அது கோமாளித்தனம். தாளம் நின்னு கதை மாறினா அது நையாண்டி. இப்படி நாலு வரி எழுதினேண்ணு வையி, 'சிந்திக்க வைத்தார்'ண்ணு எழுதவே வேண்டாம்.

இப்படிப் பாட்டுக்குள்ள கேலி வைக்கது நம்ம ஊருல மட்டும் இல்ல, பாரீசுலயும் பெர்லின்லயும் கேபரேண்ணு ஒண்ணு உண்டு. நம்ம சினிமாக்காரன் அதக் குட்டப்பாவாடை டான்சா ஆக்கிப்போட்டான், ஒனக்கும் அதுதான் ஞாபகம் வரும். அசல் வேற. சின்ன ஹால், சாப்பாட்டு மேசை. பாடுகவ சனத்துக்குள்ள நடந்து வருவா. ரெண்டு பாட்டுக்கு நடுவுல அண்ணைக்குள்ள அரசாங்கத்தையும் முன்னால தின்னுக்கிட்டு இருக்க தொந்திக்காரனையும் சேத்துக் கிண்டுவா. வில்லுல கதைய நிறுத்திட்டு ஊருக் காரியம் பேசுகது வேற என்ன? இசக்கி கதைக்கு நடுவுல பஞ்சாயத்துத் தலைவர் ரோடு போடாத கதையும் வரும். நடு ஊருல இருந்து சாமி பேரச் சொல்லிக் கேலி பண்ணினா தலைவரும் சிரிச்சுத்தான் ஆகணும்.

என்.எஸ்.கே.க்குப் புகழும் வந்துது, 1944-ல லட்சுமிகாந்தன் கொலை வழக்குல ஜெயிலும் வந்துது. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயி, 1947-லதான் வெளிய வந்தாவ. மாலை போட்ட கையெல்லாம் அப்ப எங்க போச்சுண்ணு எனக்கு நல்லா விளங்கும். 1957-ல போயிட்டாவ, அப்ப நான் நிக்கர் போட்ட பய. சென்னையில அவியளுக்கு செலை தொறந்தது 1969 சனவரியில. அண்ணாதுரை வந்து தொறந்தாரு, அடுத்த மாசம் அவரும் இல்ல.

என்.எஸ்.கே. கூட்டிட்டுப் போயி வில்லுப்பாட்டு எழுத வச்ச சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-ல பத்மஸ்ரீ. அப்ப அவருக்குத் தொண்ணூறு தாண்டியாச்சு. மறு வருசம் அக்டோபர்ல போயிட்டாரு. நம்ம கொட்டாரம் பூங்கனி, ஆம்பளையளு இருந்த எடத்துல நடுவுல இருந்து வீசுகோல் பிடிச்சுக் கதை சொன்ன மகராசி, 2018 நவம்பர்ல 84 வயசுல தரித்திரத்துல போனாவ. மறுநாள் பேப்பர்ல எம்புட்டு எழுத்து! படிச்சுக் கேக்க அவிய இல்ல. பாட்டு முடிஞ்சு, வில்ல அவுத்து, குடத்த மூட்டை கட்டின பொறவு 'ஆமா' போட்டா அதுக்குப் பேரு ஆமா இல்ல மக்கா, ஒப்பாரி.

அதனால நீ உயிரோட இருக்கவளப் பத்தி எழுதினது கொள்ளாம். மொகம் மலர்ந்துட்டே? நில்லு. அது எந்தக் கொள்ளாம்ண்ணு இன்னும் சொல்லல்ல.

இப்ப ஒலியமைப்புக்கு வாறேன். அண்ணைக்கு ஒனக்கு மூணு வரிசை பின்னால நான் இருந்தேன். தொப்பி போட்டிருந்தேன், ஒனக்குத் தெரியல்ல. ஒம்பது மணிக்கு நீ எழும்பினே. கடைசி பஸ்சுக்குண்ணு நெனைக்கேன். நீ போயி அஞ்சு நிமிசத்துல மைக்செட்டு 'கொர்'ண்ணு ஒரு சத்தம் போட்டு செத்துப்போச்சு. மைக்செட்டுக்காரன் வயரப் பிடிச்சு இழுக்கான், குலுக்குகான், ஊதுகான், ஒண்ணும் நடக்கல்ல.

வள்ளி அப்ப பரண்ல நிக்கா, கையில கவண். திரும்பி ஆர்மோனியக்காரருக்கு ஒரு வெரலக் காட்டினா, ஒரு கட்டை ஏத்துண்ணு. அவரு 'வேண்டாம்மா'ண்ணு தலையாட்டுகாரு. அவ மறுபடி வெரலக் காட்டினா. பரண்ல இருந்து எறங்கி, மேடைய விட்டும் எறங்கி, சனத்துக்கு நடுவுல வந்து ஆலோலப் பாட்டப் பிடிச்சா பாரு! மேல போகும்போ கத்தல்ல. வாயக் கொறச்சுத் தொறந்து, சத்தத்தக் கூராக்கினா, ஊசி கோக்க மாதிரி. கடலைக்காரன் பொட்டலம் மடிக்கத நிறுத்திட்டான். முன்வரிசையில ரெண்டு பயலுவ போனத் தடவிக்கிட்டு இருந்தானுவ. அவியளத் தினைப்புனத்துக் கிளியா வச்சு கவண வீசினா, போன் ரெண்டும் பைக்குள்ள போச்சு. பொறவு ஒரு காலி நாற்காலி கண்ணுல பட்டுது. அதக் கவணால காட்டி, 'ஒரு கிளி முந்தியே பறந்துட்டுது'ண்ணா. கொட்டகை சிரிச்ச சிரிப்பு இருக்கே!

அது யாரு நாற்காலிண்ணு ஒருத்தருக்கும் தெரியாது. நானும் சொல்லல்ல, சொல்லவும் மாட்டேன். ஒங்க ஆச்சிகிட்ட மட்டும் சொல்லியிருக்கேன்.

இத எழுதிரலாம்ண்ணு ஒன் கண்ணு மின்னுகது தெரியுது. எழுதப்பிடாது. அது என் காது கேட்டது, ஒனக்கு அது களவுச் சரக்கு. வாற சனிக்கிழமை மறுபடி அதே நாடகம் உண்டு. போயி கடைசி வரைக்கும் இரி. அவ செய்ததுல ஒண்ணே ஒண்ண, வேற எவளும் செய்யாத ஒண்ண, கண்டுபிடிச்சு எழுது. சரியில்லாத எடம் இருந்தா அதையும் எழுது, ஆமாவோட சத்தத்தக் கொறச்சு. மெய்சிலிர்த்தா ஒரு மட்டம் சிலுக்கட்டும், போதும். பஸ் போனா போகட்டும், என் சைக்கிள எடுத்துட்டுப் போ. பிரேக் பிடிக்காது, பாத்துப் போ.

எழுதினதைக் கொண்டாந்து காட்டு. வாசிச்சு முடிச்சு நான் கொள்ளாம்ண்ணு சொல்லுவேன். அது எந்தக் கொள்ளாம்ண்ணு கேக்கதுக்குக் காதையும் கொண்டு வா. இப்ப சாயாக் காசு நீ குடு.