வரியோடு வரும் கார்

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியதும், பழசானால் விலை குறையும் என்ற விதியும் சேர்ந்தே நின்றுபோனது. முற்றத்தில் தூங்கிய பழைய விட்ஸ் கார் திடீரெனக் காணித்துண்டு போல மதிப்பேறியது. சிலர் அதை ஓட்டவே பயந்தார்கள்.

2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது. வாங்கும் காரின் யப்பானிய ஏலத் தாளில் ஒவ்வொரு கீறலும் குறித்திருக்கும். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் விழப்போகும் கீறலைத் தவிர. சுங்கத் தீர்வை, உற்பத்தி வரி, இந்த வரிகளுக்கும் சேர்த்து 18 சதவீத வற், விலை கூடினால் சொகுசு வரி. அந்தப் பட்டியலில் காரின் விலையைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

ஒருவழியாக வண்டியைக் கிளப்பினால், உள்ளிருந்து ஒரு பெண்குரல் யப்பானிய மொழியில் பணிவாக ஏதோ சொல்கிறது. நெடுஞ்சாலைக் கட்டண அட்டையைச் செருகவில்லையாம்.